கொடியைக் கடைசியாகத் தொட்டவர்

போனில் தமிழில் பேசினீர்கள், காதில் விழுந்தது. அதனால்தான் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். பேருந்தில் பாதி காலியாகக் கிடக்கிறது, இந்தக் கிழவன் ஏன் நம்மை வந்து நெருக்குகிறான் என்று நினைக்காதீர்கள், தம்பி. இந்தப் பை உங்கள் காலடியில் இருக்கட்டுமா? என் முழங்கால் சரியாக மடங்காது. மேலே வேண்டாம். இல்லை, இல்லை, மேலே வைக்காதீர்கள். கீழேயே இருக்கட்டும். துணிதான். வெறும் துணி.

நீங்கள் சன்னல் பக்கம். கொஞ்சம் திரும்பிப் பார்த்துச் சொல்லுங்கள், பின்னால் சாம்பல் நிறக் கார் ஏதாவது வருகிறதா? வரவில்லையா? நல்லது. வெங்லோவில் ஏறியதிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

நான் தூத்துக்குடி. கஸ்பார் மச்சாது. எட்டாவதோடு படிப்பு முடிந்தது, அப்புறம் கப்பல். எண்பத்தெட்டில் இங்கே போலந்தில், கிடினியா துறைமுகத்தில் வயிற்றுவலி வந்து குடல்வாலை அறுத்தார்கள். கண் விழித்தபோது என் கப்பல் போய்விட்டிருந்தது. பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்றாள். பொஷேனா. அவளைக் கட்டிக்கொண்டு அவள் ஊருக்கு வந்தேன். அதுதான் வெங்லோவ், நிலக்கரிச் சுரங்க ஊர். அவள் அப்பா அங்கே கால்பந்துக் கிளப்பில் ஆட்டக்காரர்களின் உடுப்புத் துவைப்பவர். இஸ்க்ரா கிளப். இஸ்க்ரா என்றால் தீப்பொறி. மாமனாருக்கு இடுப்பு போனதும் அந்த வேலை எனக்கு வந்தது. முப்பத்தொரு வருடம் பார்த்தேன், தம்பி. முப்பத்தொரு வருடம்.

அடுத்த பெரிய ஊர் ஒல்ஷானா. இன்னும் முக்கால் மணி நேரம். அதைத் தாண்டும்வரை இப்படியே பேசிக்கொண்டிருப்போம். தமிழிலேயே பேசுங்கள். தமிழ் பேசினால் நம்மை இந்த ஊர்ச் சண்டையில் சேர்க்க மாட்டார்கள்.

என்ன சண்டை என்று கேட்கிறீர்களா? புதிதாக வந்தவர், உங்களுக்குத் தெரியாது. நம் ஊரில் ஒருவன் வந்து "எந்தத் தெரு நீங்க?" என்று சும்மா கேட்பது போல் கேட்பான் இல்லையா? அவன் தெருவையா கேட்கிறான்? இங்கே "யாருக்கு நீ?" என்று கேட்பார்கள். எந்தக் கிளப்புக்கு என்று அர்த்தம். தப்பான பதில் சொன்னால் பல் போகும். சில நேரம் பல்லோடு நிற்காது. ஒல்ஷானா ரயில்வே ஊர், அவர்கள் கிளப் கொலேயாஷ். அவர்கள் நீலம். எங்கள் இஸ்க்ரா மஞ்சளும் கறுப்பும். எண்பது வருடமாக ஆகாது.

இன்றைக்கு இரண்டுக்கும் ஆட்டம். ஒல்ஷானாவில். எங்கள் ஊர் ஆட்கள் காலையிலேயே போலீஸ் காவலோடு தனி ரயிலில் போய்விட்டார்கள். அதனால்தான் இன்று கிளம்பினேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் பையோடு போவதை யார் பார்க்கப் போகிறார்கள்? மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும். நாலு மணிக்குப் பேருந்து ஒல்ஷானாவைக் கடந்துவிடும். அப்போது அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் மைதானத்துக்குள் இருப்பார்கள். ரொம்ப யோசித்துத்தான் தம்பி இந்த வண்டியில் ஏறினேன். கிடினியாவில் என் மகள் இருக்கிறாள். அங்கே போய், கடற்கரைக்குப் போய், இதை... சரி, அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதைச் சொல்லாவிட்டால் என் நெஞ்சு வேகாது.

இந்த வருடம் இஸ்க்ராவுக்கு நூறு வயது. புத்தகம் போட்டிருக்கிறார்கள். நானூறு பக்கம், கெட்டி அட்டை, தூக்கினால் கை வலிக்கும். கிளப்பின் மொத்தச் சரித்திரமும் இருக்கிறது. சுரங்கத்திலிருந்து மேலே வந்த பதினோரு பேர் கிளப் ஆரம்பித்தது, ஜெர்மன்காரன் வந்து போலந்துக்காரன் பந்தே ஆடக் கூடாது என்று தடை போட்டது, கோல்கீப்பர் உடுப்பை மாவு மூட்டைக்குள் ஒளித்து வைத்தது. ஒளித்தவர் என் மாமனாரின் அப்பா. அவர் பெயர் இருக்கிறது. யுத்தம் முடிந்ததும் அரசாங்கம் கிளப்பின் பெயரை மாற்றிச் சுரங்கத்தின் பெயரை வைத்தது, பத்து வருடம் கழித்து ஜனங்கள் சத்தம் போட்டுப் பழைய பெயரை வாங்கினது, எல்லாம் இருக்கிறது. எழுபத்து நாலில் நாட்டிலேயே இரண்டாவது இடம் வந்தது. அதற்கு மட்டும் முப்பது பக்கம். அப்போது புல்வெட்டினவன் பெயர்கூட இருக்கிறது, தம்பி. அவனுடைய நாய் பெயரும் இருக்கிறது. புரேக்.

என் பெயர் இல்லை.

போட்டோ இருக்கிறது. தொண்ணூற்று மூன்றில் எடுத்தது. அதில் வலது ஓரத்தில் நான் நின்றேன், கையில் வாளி. புத்தகத்தில் அந்தப் படத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். என் கை இருக்கிறது. வாளியும் இருக்கிறது. நான் இல்லை. கஸ்பார் என்ற பெயர் இவர்களிடமும் உண்டு, காட்ஸ்பெர் என்பார்கள். எழுத்துப் பிழை வரும் என்றுகூடச் சாக்குச் சொல்ல முடியாது.

எனக்கு அந்தச் சரித்திரம் துணியில் தெரியும். சுரங்கம் ஓடியபோது உடுப்பெல்லாம் பருத்தி. எவ்வளவு துவைத்தாலும் கரித்தூள் வரும். சுரங்கத்தை மூடினார்கள், தண்ணீர் தெளிந்தது. அப்புறம் ஒரு சாசேஜ் கம்பெனிக்காரன் கிளப்பை வாங்கினான். நெஞ்சில் பன்றிப் படம் போட்ட நைலான் உடுப்பு. பிறகு நடுவர்களைச் சரிக்கட்டி ஆட்டத்தை வாங்கினார்கள் என்று கேஸ் வந்தது. சாசேஜ்காரன் ஓடினான். மைதானம் கைவிட்டுப் போனது, உரிமம் போனது, கடைசிப் பிரிவுக்குத் தள்ளினார்கள். உருளைக்கிழங்கு வயலுக்குப் பக்கத்தில் ஆடினோம். சேற்றை அலசி அலசி என் நகம் போயிற்று. அந்த நாளில் கிளப்பில் மிச்சம் இருந்த பழைய பொருள் ஒன்றே ஒன்றுதான். கொடி.

சத்தம் கேட்டதா? இல்லை, வெளியே. சரி. லாரி.

கொடி என்றால் ஏதோ கையில் ஆட்டுவது இல்லை. எட்டு மீட்டர் நீளம். எழுபத்தொன்பதில் சுரங்கக்காரர்களின் மனைவிமார் கையால் தைத்தது. மஞ்சள் துணியில் கறுப்புத் தீப்பொறி. ஆட்டத்துக்கு ஆட்டம் வேலியில் கட்டுவார்கள். இங்கே ஒரு சட்டம் இருக்கிறது, எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். எதிரிக் கிளப்பின் ஆட்கள் உன் கொடியைப் பிடித்துவிட்டால் நீ கலைந்துவிட வேண்டும். கூட்டமாக நிற்கக் கூடாது, பாடக் கூடாது, வேறு கொடி தைக்கக் கூடாது. செத்தவன் மாதிரி. அதனால் கொடி எங்கே இருக்கிறது என்று ஒருவனுக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் அவன் பெயர் தாரெக். கறிக்கடையில் வேலை. கழுத்து இவ்வளவு அகலம்.

எனக்கு அவனைப் பிடிக்காது. நான் வந்த புதிதில் என்னைச் "சாக்லேட்" என்று கூப்பிட்டான். அதை நான் மறக்கவில்லை. முப்பது வருடம் கழித்தும் மறக்கவில்லை. ஒரு தடவை ரயில் நிலையத்தில், கறுப்புத் தோலைக் கண்டால் அடிக்கிற மொட்டைத் தலை ஆட்கள் நாலு பேர் என்னைச் சுவரோடு நிறுத்தினார்கள். அப்போது தாரெக் வந்து நடுவில் நின்று, "இவரு நம்ம ஆளு, தொட்டீங்கன்னா கையை ஒடிப்பேன்" என்றான். பொஷேனா அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் நின்றது பெரிய உபகாரமா? சாக்லேட் என்று சொன்னவனும் அவன்தானே?

அந்தத் தாரெக் வருடத்துக்கு ஒரு தடவை, ஒல்ஷானாவோடு ஆடும் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், கொடியை என்னிடம் கொண்டுவருவான். துவைக்க. வேறு யாரிடமும் கொடுக்க மாட்டான். "காட்ஸ்பெர், பச்சைத் தண்ணி, தனியா" என்பான். எனக்கே சொல்லிக்கொடுப்பான். எத்தனை உடுப்புத் துவைத்தவன் நான்! ஒரு கறை, ஒரு சாயம் ஏறினது கிடையாது. அதுதான் தம்பி என் பெயர். வேறென்ன இருக்கிறது எனக்கு?

இரண்டாயிரத்துப் பதினொன்று. புதுசாக ஒரு மேலாளர் வந்திருந்தான். பயிற்சிக்குப் போடும் மேல்பனியன் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு மூட்டை வாங்கிப் போட்டான். என்ன நிறம் என்று நினைக்கிறீர்கள்? நீலம். எதிரியின் நிறம். கிளப்பில் எல்லோரும் கத்தினார்கள், அவன் கேட்கவில்லை. சாயம் நிற்காத நீலம். மெஷினில் இரண்டு கிடந்திருக்கிறது, அடியில் ஒட்டிக்கொண்டு. நான் பார்க்காமல் அதன் மேலேயே கொடியைப் போட்டு ஓட்டிவிட்டேன். அவன் வாங்காமல் இருந்திருந்தால் கிடந்திருக்குமா? சொல்லுங்கள். அவன் தப்பா, என் தப்பா?

மத்தியானம் மூடியைத் திறந்தேன். மஞ்சள் இல்லை. பச்சை. எட்டு மீட்டரும் பாசி பிடித்த குளம் மாதிரி. நடுவில் நீலத் திட்டு.

உப்புப் போட்டேன், வினிகர் போட்டேன், எலுமிச்சை பிழிந்தேன். போகவில்லை. தாரெக் மறுநாள் காலை வருவான். இந்தக் கொடியை அவன் கையில் எப்படிக் கொடுப்பது? கொலேயாஷ் நிறத்தை ஏற்றிவிட்டான் என்று சொல்வார்கள். வேண்டுமென்றே செய்தான் என்பார்கள். சாக்லேட் செய்துவிட்டான் என்பார்கள். சொல்வார்களா, மாட்டார்களா?

கொடியை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பரணில் வைத்தேன். ராத்திரி திரும்பி வந்து சலவை அறை சன்னலைச் சுத்தியலால் உடைத்தேன். அப்போதுதான் புரிந்தது, உள்ளேயிருந்து உடைத்தால் கண்ணாடி வெளியே விழும். குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி உள்ளே போட்டேன். விரலில் ரத்தம். விடிந்ததும் மேலாளருக்குப் போன் செய்தேன். திருட்டுப் போய்விட்டது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கொலேயாஷ் ஆட்கள் எடுத்தார்கள் என்று நான் சொல்லவே இல்லை. அதை அவர்களாகச் சொல்லிக்கொண்டார்கள்.

ஒல்ஷானாக்காரர்கள் மறுத்திருக்க வேண்டாமா? மறுக்கவில்லை! அவர்களுக்கே ஆச்சரியம். ஆனாலும் அடுத்த வாரமே, "உங்க கொடி எங்க வீட்டு மிதியடி" என்று பாட்டுக் கட்டிப் பாடினார்கள். எங்கள் பக்கம் இருநூறு பேர் மைதானத்துக்கு வெளியே நின்று, மஞ்சள் கறுப்புக் கிளப் துண்டைக் கழுத்திலிருந்து எடுத்துத் தரையில் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். இன்று ரயிலில் போனது அதற்கப்புறம் வளர்ந்த பையன்கள், கொடி இல்லாமல் போகிறார்கள். தாரெக் அழுதான். கறிக்கடைக்காரன், தம்பி, குழந்தை மாதிரி அழுதான். என் தோளைப் பிடித்து, "உங்க மேல தப்பு இல்ல, காட்ஸ்பெர்" என்றான்.

அப்புறம் அவனும் இன்னும் நாலு பேரும் ஒல்ஷானா ரயில் நிலையத்துக்குப் போனார்கள். பிளாட்பாரத்தில் நீலத் துண்டோடு ஒரு பையன், மிஹாவ் என்று பெயர், பத்தொன்பது வயது. கொடி எங்கே என்று கேட்டு அடித்தார்கள். அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு கண் போயிற்று. தாரெக்குக்கு ஆறு வருடம் ஜெயில்.

நான் போய்ச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். யாரிடம்? அடித்தது நானா? பொஷேனா ஒரு நாள் பரணில் அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து என் உடுப்பை அவள் துவைப்பதை நிறுத்திவிட்டாள். சாகும்வரை. பெண்கள் சிலர் அப்படித்தான், சின்ன விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்வார்கள்.

வருடா வருடம் ஈஸ்டர் நாளில் எடுத்துத் திரும்பவும் அலசிப் பார்த்தேன். புதுப் புதுப் பொடியெல்லாம் போட்டேன். பச்சை போகவில்லை. எரிக்கவும் கை வரவில்லை. ஒரு துணியை நான் எப்படி எரிப்பேன்?

இப்போது புத்தகம் வந்திருக்கிறது. அதில் பதினொன்றாம் வருடத்துக்குப் பன்னிரண்டு பக்கம். "கறுப்பு வியாழன்" என்று தலைப்பு. உடைந்த சன்னலுக்குப் படம். எப்படி ஏறினார்கள், எத்தனை பேர், எந்த வண்டி, எல்லாம் எழுதியிருக்கிறான், கூடவே வந்து பார்த்தவன் மாதிரி. "சலவை அறை ஊழியர்" என்று ஓரிடத்தில் வருகிறது. ஊழியர்! அந்தப் பன்னிரண்டு பக்கமும் என்னால் வந்தது, தம்பி. அதில்கூட என் பெயர் இல்லை.

புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் தாரெக். முந்தாநாள். ஜெயிலிலிருந்து வந்தபிறகு கிளப்பில் சின்னதாக மியூசியம் வைத்திருக்கிறான், அதைப் பார்த்துக்கொள்கிறான். அந்தச் சாம்பல் நிறக் கார் அவனுடையதுதான். வந்து சமையலறையில் உட்கார்ந்தான், டீ குடித்தான். என் தலைக்கு நேர் மேலே பரண். முதல் பக்கத்தில் பேனாவால் எழுதியிருக்கிறான்: "காட்ஸ்பெர் மச்சாதுவுக்கு, நம் கொடியைக் கடைசியாகத் தொட்டவருக்கு, தாரெக்."

"மியூசியத்துல ஒரு கண்ணாடிப் பெட்டி காலியா வச்சிருக்கேன்," என்றான். "கொடிக்கு. நீங்க ஒரு நாள் வந்து பாக்கணும்."

"எனக்கு முழங்கால் வலி," என்றேன்.

"நான் காருல கூட்டிட்டுப் போறேன்."

வாசல்வரை போனவன் நின்றான். திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான். "அன்னிக்குக் காலைல புல்லுல ஒரு கண்ணாடித் துண்டு கெடந்துச்சு, காட்ஸ்பெர். சன்னலுக்கு வெளிய. அப்ப நான் ஒண்ணும் யோசிக்கல. ஜெயிலுக்குள்ள இருக்கும்போது யோசிக்க நேரம் இருந்துச்சு."

இரண்டு நாளாக நான் தூங்கவில்லை.

ஆமாம். நீங்கள் பார்க்கிற பார்வை புரிகிறது. ஆமாம், இந்தப் பைதான். காலை நகர்த்தாதீர்கள். சாதாரணமாக உட்காருங்கள். கிடினியாவில் கடலில் போட்டுவிட்டால் முடிந்தது. என்னைக் கொண்டுவந்து இறக்கிய கடல்தானே, இதையும் வாங்கிக்கொள்ளட்டும்.

ஒல்ஷானா வந்துவிட்டது. இதோ தண்ணீர்த் தொட்டி. மணி என்ன? மூன்றே முக்காலா? முன்னாலேயே வந்துவிட்டோம். நல்லது, நல்லது. தெருவெல்லாம் காலியாகத்தான்... இல்லையே. அது என்ன கூட்டம்? பேருந்து நிறுத்தத்தில். நீலத் துண்டு. எல்லாம் நீலத் துண்டு. ஆட்டம் முடிந்திருக்காதே? டிரைவர் என்னவோ சொல்கிறான். பொறுங்கள். "புகைக்குண்டு போட்டாங்களாம், ஆட்டத்தப் பாதியில நிறுத்திட்டாங்களாம்" என்கிறான். நிறுத்தாமல் போகக் கூடாதா இவன்? நிறுத்துகிறான். கதவைத் திறக்கிறான். மாதாவே.

பேசுங்கள் தம்பி. எதையாவது பேசுங்கள். திரும்பிப் பார்க்காதீர்கள். பெருங்காயம் கிடைக்கவில்லை என்று போனில் சொன்னீர்களே, அதைச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் மீன் குழம்புக்கு... எத்தனை பேர் ஏறினார்கள்? பத்தா? ஒருவன் நம் பக்கம் வருகிறான். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், இரண்டு கண்ணும் இருக்கிறதா? இருக்கிறதா? நல்லாப் பாருங்கள். சரி. வேறு ஆள்.

...

போய்விட்டான். பின்னால்தான் நிற்கிறான். மெதுவாகப் பேசுங்கள்.

என்னிடம் என்ன கேட்டான் என்றா? "யாருக்கு நீ, தாத்தா?" என்றான். நான் இந்தியாக்காரன், எனக்குக் கால்பந்தே தெரியாது, பந்தைக் கண்ணால் பார்த்தது இல்லை என்றேன். என் முகத்தையே பார்த்தான். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்றான். புத்தகத்தில் படத்தை வெட்டினார்களே, அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! வாளியையும் கையையும் வைத்து என்னை எவன் கண்டுபிடிப்பான்?

இரண்டாவது என்ன கேட்டான் என்றா? ஒன்றும் இல்லை. பை யாருடையது என்று கேட்டான்.

உங்களுடையது என்று சொன்னேன்.

கோபப்படாதீர்கள், தம்பி. சத்தம் போடாதீர்கள், பார்க்கிறார்கள். உங்களுக்கு என்ன வந்துவிடப் போகிறது? நீங்கள் வந்து நாலு மாதம். பாஷை தெரியாது. திறந்து பார்த்தாலும் பச்சைத் துணி, உங்களுக்கு என்ன தெரியும்? சிரித்துக்கொண்டே இருங்கள். நானாக இருந்தால் என்னை விடுவார்களா? வயசைப் பாருங்கள் என்னுடையது. இது ஆஸ்பத்திரி நிறுத்தம், நான் இறங்கிக்கொள்கிறேன். மகளிடம் வேறு வண்டியில் போய்க்கொள்வேன்.

கையை விடுங்கள் தம்பி. விடுங்கள், வண்டி நிற்கிறது.

நம் ஆளைப் பார்த்து மனம்விட்டுப் பேசி எத்தனை வருடம் ஆயிற்று. உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை, பாருங்கள். இல்லை, வேண்டாம். சொல்லாதீர்கள். யாராவது வந்து கேட்டால் தெரியாது என்று உண்மையாகவே சொல்லிவிடலாம்.